மேலே பளபளப்பு, உள்ளே வெள்ளத் தண்ணீர்! பழைய கார் வாங்கப் போறீங்களா? அட்வான்சுக்கு முன்னே மெக்கானிக்!

சென்னையில் பழைய கார் வாங்குகிறவர்களில் பலர் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்.

முதலில் அட்வான்ஸ் கொடுத்து விடுகிறார்கள். அப்புறம் மெக்கானிக்கை தேடுகிறார்கள்!

வீட்டை பார்க்காமல் யாராவது வாடகை அட்வான்ஸ் கொடுப்பார்களா? குழாயில் தண்ணீர் வருகிறதா, பாத்ரூம் சுவர் கசிகிறதா என்று நாலு தடவை போய் பார்க்கிறோம். ஆனால் மூன்று லட்சம், நாலு லட்சம் கொட்டி கார் வாங்கும்போது மட்டும், பெயிண்ட் பளபளப்பை பார்த்ததும் கை தானாக பணத்தை எடுத்து நீட்டி விடுகிறது.

அது சும்மா வந்த பணம் அல்ல. பி.எப்.பில் எடுத்த பணம். சீட்டை தள்ளி எடுத்த பணம். மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கிய பணம்.

மூன்றாவது மாதம் வண்டி நடுரோட்டில் நின்றால் என்ன ஆகும்? விற்றவர் போனை எடுக்க மாட்டார். எடுத்தாலும், "நீங்க பார்த்துத்தானே சார் வாங்கினீங்க?" என்பார்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பார்க்க வேண்டியது வாங்குகிறவர் பொறுப்பு!

நேரடி பார்ட்டி

கடையில் வாங்காமல் ஓனரிடமே நேரடியாக வாங்க பலரும் ஆசைப்படுகிறார்கள். காரணம் இருக்கிறது. புரோக்கர் கமிஷன் கிடையாது. கடைக்காரர் வைக்கும் லாபமும் இல்லை. வண்டியை ஓட்டினவரிடமே நேரில் நாலு கேள்வி கேட்கலாம்.

பழைய கார் விற்பனைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு எடுத்தபோது பலர் பயந்து போனார்கள். அந்த வரி, தொழிலாக கார் வாங்கி விற்கிறவர்களின் லாபத்தொகை மீதுதான். வீட்டு காரை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் அந்த வரி இல்லை.

ஆக, நேரடி பார்ட்டியிடம் வாங்கினால் பணம் மிச்சம்தான். ஆனால் ஒரு சங்கடம். கடையில் வாங்கினால் ஆறு மாத வாரண்டி என்று ஒரு சீட்டாவது தருவார்கள். நேரடி விற்பனையில் அதெல்லாம் இல்லை. "இருக்கிற நிலையில் பெற்றுக் கொண்டேன்" என்று எழுதி கையெழுத்து போட்டு விட்டால் கதை முடிந்தது. நுகர்வோர் கோர்ட்டுக்கு போகலாம் என்றால், கார் விற்பதை தொழிலாக செய்யாத தனி ஆள் மீது அங்கே வழக்கு நிற்பது கஷ்டம்.

விளம்பரங்களை நம்பவும் வழி இல்லை. "சிங்கிள் ஓனர்", "டாக்டர் ஓட்டிய வண்டி", "ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு மட்டும் எடுத்தது" என்று போடுகிறார்கள். டாக்டர் வண்டி என்று வரும் விளம்பரங்களை எல்லாம் கூட்டிப்பார்த்தால் நகரத்தில் நோயாளியை விட டாக்டர்தான் அதிகம் இருக்க வேண்டும்!

இன்னொரு கூட்டமும் உண்டு. "நான் ராணுவத்துல இருக்கேன். அவசரமா டிரான்ஸ்பர் ஆயிட்டேன். வண்டி கேம்ப்ல நிக்குது. டெலிவரி சார்ஜ் மட்டும் அனுப்புங்க" என்று போனில் பேசுவார்கள். ராணுவ உடையில் போட்டோவும் வரும். விலையோ பாதி விலை. பணத்தை அனுப்பினதும் போன் அணைந்து விடும். சைபர் கிரைம் போலீசார் பல வருஷமாக எச்சரித்தும் இந்த வலையில் ஆட்கள் விழுந்து கொண்டேதான் இருக்கிறார்கள். காரை கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கூட அனுப்பக்கூடாது.

முழுகிய கார்

சென்னைக்காரர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு தலைவலி உண்டு. வெள்ளம்!

2015-ம் ஆண்டு டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. முடிச்சூர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எங்கும் கார்கள் கூரை வரை முழுகின. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிச்சாங் புயல். பள்ளிக்கரணை பக்கம் அடுக்குமாடி வளாகத்தில் இருந்து கார்கள் காகித கப்பல் மாதிரி மிதந்து போனதை ஊரே பார்த்தது. அந்த பயத்தில்தான் 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் தங்கள் காரை எல்லாம் மேம்பாலத்து மேலே வரிசையாக கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

முழுகிய கார்கள் எல்லாம் எங்கே போயின?

எல்லாம் காயலான் கடைக்கு போகவில்லை. ரிப்பேர் செலவு, காருக்கு போட்ட இன்சூரன்ஸ் மதிப்பில் முக்கால் பங்கை தாண்டினால் "டோட்டல் லாஸ்" என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தை கொடுத்து விடும். மிச்சம் இருக்கிற வண்டி ஏலத்துக்கு போகும். ஏலத்தில் எடுத்தவர் சும்மா வைத்திருப்பாரா? சீட்டு உறையை மாற்றுவார். தரை விரிப்பை மாற்றுவார். உள்ளே கழுவி, உலர்த்தி, வாசனை திரவியம் அடிப்பார். வேறு ஊரில், வேறு ஒருவர் தலையில் கட்டுவார்.

அந்த கார் ஓடாதா என்றால், ஓடும். முதல் மாதம் நன்றாகவே ஓடும். இன்றைய காரில் என்ஜினை நடத்துவது கம்ப்யூட்டர். ஏர்பேக்கை வெடிக்க வைப்பதும் கம்ப்யூட்டர். அந்த பெட்டிகளும் வயர் முனைகளும் சேற்றுத் தண்ணீரில் ஊறினால் உடனே சாகாது. உள்ளுக்குள் பச்சை பூத்து கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் கண்ணாடி இறங்காது. இன்னொரு நாள் ஸ்டார்ட் ஆகாது. பவர் ஸ்டியரிங் நடு வழியில் இறுகிப்போனால் என்ன கதி?

இதை கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டியதில்லை.

சீட்டு பெல்ட்டை கடைசி வரை முழுதாக இழுத்து பார்க்க வேண்டும். வெளியே தெரிகிற பகுதியை கழுவி இருப்பார்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும்! பின்பக்க டிக்கியில் ஸ்டெப்னி டயரை தூக்கி அந்த குழியை பார்க்க வேண்டும். வண்டல் படிந்திருந்தால் சந்தேகம். சீட்டு நகரும் இரும்பு தண்டவாளத்தில் துரு, பியூஸ் பெட்டி மூலையில் மண், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு. இவை எல்லாம் சாட்சி.

இன்னொன்று மூக்கு. ஏறி உட்கார்ந்து எல்லா கண்ணாடியையும் மூடி ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். ஈரச்சாக்கு வாடை வந்தால் இறங்கி விடலாம். வாடையே வராமல் வாசனை திரவியம் மட்டும் தலைவலி வருகிற அளவுக்கு அடித்தால்? அப்போதும் இறங்கி விடலாம்!

பானெட் மேலே கை

அனுபவம் உள்ள மெக்கானிக் பெயிண்டை பார்க்க மாட்டார். வந்ததும் பானெட் மேல் கையை வைப்பார்.

"என்ன சார், சூடா இருக்குதே! இப்பத்தான் ஓட்டினீங்களா?"

"கொஞ்சம் முந்தி கடைக்கு போயிட்டு வந்தேம்பா..."

"பரவாயில்லே சார். இன்னைக்கு மத்ததை பாக்கறோம். நாளைக்கு காலையில வந்து ஸ்டார்ட் பண்ணிக்கிறோம். ராத்திரி முழுக்க நிக்கட்டும். யாரும் எடுக்க வேணாம்."

வாங்க வந்தவருக்கு புரியாது. "என்னண்ணே, சூடா இருந்தா என்ன?" என்பார்.

விஷயமே அதில்தான் இருக்கிறது. தேய்ந்து போன என்ஜின் சூடாக இருக்கும்போது நல்ல பிள்ளையாக நடிக்கும். விடிய விடிய ஆறிக்கிடந்த பிறகு முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தன் வண்டவாளத்தை காட்டும். பேட்டரி இழுக்கத் திணறுகிறதா, கடகட சத்தம் வருகிறதா, புகை வருகிறதா என்று அந்த முதல் ஒரு நிமிஷத்தில் பார்த்து விடலாம். அதை மறைக்கத்தான் சில புத்திசாலிகள் ஆள் வருவதற்கு முன்பே வண்டியை ஒரு ரவுண்டு சுற்றி விட்டு நிறுத்தி வைக்கிறார்கள்.

புகையின் நிறமும் பேசும். நீலப்புகை வந்தால் என்ஜின் ஆயிலை குடிக்கிறது. கறுப்பு என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. சூடான பிறகும் வெள்ளைப்புகை விடாமல் வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் என்ஜினுக்குள் போகிறது என்று அர்த்தம். ஹெட்டை கழற்ற வேண்டி வரும். செலவு ஆயிரக்கணக்கில்!

ஆயில் ஊற்றும் மூடியை திறந்து அடிப்பக்கம் பார்ப்பார். அங்கே மோர்க்குழம்பு மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்து விட்டது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே மூடியை தூக்கினால் குபுகுபு என்று புகை அடிக்கிறதா? "பேக் கம்ப்ரஷன் அடிக்குது சார், வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுவார். பிஸ்டன் ரிங் தேய்ந்து, மேலே வெடிக்க வேண்டிய காற்று கீழே இறங்குகிறது. சந்தேகம் தீராவிட்டால் பெட்ரோல் காரில் ஸ்பார்க் பிளக்கை கழற்றி கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்ப்பதும் உண்டு. எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் இறங்கி நின்றால் அங்கேதான் நோய்.

அம்பாசடர் காலத்தில் காதை மட்டும் வைத்தே முழு வண்டியையும் சொல்லி விடுவார்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்று விட்டது. மாருதி 800-ம் அதே வருஷம் விடை பெற்றது. இப்போது காதோடு ஸ்கேனரும் வேண்டும். ஸ்டியரிங் அடியில் இருக்கும் சாக்கெட்டில் சொருகினால் காரின் கம்ப்யூட்டர் தன் குறைகளை ஒப்பிக்கும். "நேத்தே அழிச்சிட்டு வெச்சிருக்கான்" என்பதையும் கெட்டிக்கார மெக்கானிக் அதிலேயே பிடித்து விடுவார். குறைகளை அழித்தால் உள்ளே இருக்கும் சுய பரிசோதனைகள் "இன்னும் முடியவில்லை" என்று காட்டும். தினம் ஓடுகிற வண்டியில் அப்படி இருக்காது.

காந்தக்கல் போதும்

அடிபட்ட வண்டியை கண்டுபிடிக்க ஒரு சின்ன காந்தக்கல் போதும். மெல்லிய துணியில் சுற்றி கதவு, மட்கார்டு, பின்பக்கம் என்று வைத்துக்கொண்டே போக வேண்டும். இரும்புத் தகட்டில் ஒட்டும். டிங்கரிங் பண்ணி கனமாக பட்டி பூசிய இடத்தில் வழுக்கி விழும். (பம்பரில் வைத்துப்பார்த்து விட்டு பதறக்கூடாது. அது பிளாஸ்டிக்!)

பானெட், கதவு இவற்றை பிடித்திருக்கும் போல்ட்டுகளை பார்க்க வேண்டும். கம்பெனியில் இருந்து வந்தபடி இருந்தால் போல்ட்டின் மேல் பெயிண்ட் முழுசாக இருக்கும். ஸ்பேனர் பட்டிருந்தால் முனையில் பெயிண்ட் பெயர்ந்திருக்கும். கதவு ஓரத்து ரப்பரை லேசாக இழுத்தால் உள்ளே வட்ட வட்டமாக வெல்டிங் புள்ளிகள் வரிசையாக தெரியும். அந்த வரிசை கலைந்திருந்தால் அந்த இடத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

கதவில் சின்ன நசுங்கல், பம்பரில் கீறல் எல்லாம் பெரிய விஷயம் இல்லை. நம் ஊர் டிராபிக்கில் கீறல் இல்லாத கார் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் முன்பக்க ஏப்ரன், கதவுத்தூண், சேஸ் இந்த மூன்றிலும் கை வைத்த வண்டியை எவ்வளவு மலிவாக கொடுத்தாலும் வாங்கக்கூடாது. அடுத்த விபத்தில் உள்ளே இருக்கிறவர்களை காப்பாற்ற வேண்டிய எலும்பு அது. ஒரு முறை ஒடிந்து ஒட்டினது மறுமுறை தாங்குமா?

ஏர்பேக் விஷயம் இதைவிட மோசம். ஒரு முறை வெடித்த ஏர்பேக்கை புதிதாக மாற்ற நிறைய பணம் செலவாகும். அதற்கு பதிலாக வெறும் மூடியை மட்டும் ஒட்டி, எச்சரிக்கை விளக்கின் இணைப்பை துண்டித்து விடுகிற அயோக்கியத்தனமும் நடக்கிறது. சாவியை போட்டதும் ஏர்பேக் விளக்கு ஒரு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட பெரிய கோளாறு! மனைவி மக்களை உட்கார வைத்து ஓட்டப்போகிற வண்டி. இந்த விளக்கை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

மீட்டர் மாயம்

"35 ஆயிரம் கிலோ மீட்டர்தான் ஓடியிருக்கு" என்பார் ஓனர். மீட்டரும் அதையே காட்டும்.

பிரேக் பெடல் ரப்பரை பாருங்கள். தேய்ந்து வழவழ என்று இருக்கிறதா? ஸ்டியரிங் உறையை கழற்றினால் அடியில் தோல் உரிந்திருக்கிறதா? டிரைவர் சீட்டு ஒரு பக்கம் அமுங்கிப் போயிருக்கிறதா? அப்படியானால் மீட்டரை திருப்பி விட்டார்கள். டிஜிட்டல் மீட்டரை மாற்ற முடியாது என்று நினைப்பது தப்பு. லேப்டாப் உள்ள ஆள் உட்கார்ந்த இடத்திலேயே மாற்றி விடுவார். ஆனால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எப்போது, எத்தனை கிலோ மீட்டரில் வந்தது என்ற கணக்கு இருக்கும். ஓனரை கூடவே அழைத்துப்போய் கேட்டால் பல இடங்களில் சொல்லி விடுகிறார்கள். "அங்கெல்லாம் எதுக்கு சார்?" என்று ஓனர் நழுவினால் பதில் கிடைத்து விட்டது.

டயரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டு 23-வது வாரம் தயாரித்தது. 2021-ல் வாங்கிய காரில், "கம்பெனி டயர் சார், மாத்தவே இல்லே" என்று காட்டும் டயரில் 2024 இருந்தால் கதை கந்தலாகி விடும். கதவுக் கண்ணாடிகளிலும் ஆண்டுக்குறி உண்டு. ஐந்து கண்ணாடி ஒரு வருஷம், ஒன்று மட்டும் வேறு வருஷம் என்றால் அந்தப்பக்கம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும்.

டாக்சியாக ஓடிய வண்டியை ஓன் போர்டு ஆக்கி விற்பதும் உண்டு. மஞ்சள் பலகை வெள்ளையாகி விடும். ஆனால் ஓடின ஓட்டம் குறைந்து விடுமா? ஆர்.சி. விவரத்தில் பழைய வகை தெரிகிறதா என்று கிளறிப்பார்க்க வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலோரம் நின்ற வண்டியாக இருந்தால் உப்புக்காற்று வேலை காட்டியிருக்கும். வாட்டர் சர்வீஸ் நடக்கிற இடத்தில் வண்டியை மேலே ஏற்றி, கதவின் அடிப்பாகம், சைலன்சர், தரைத்தகடு இவற்றை டார்ச் அடித்து பார்த்தால் எல்லாம் வெட்டவெளிச்சம். ஆயில் ஒழுகலும் அங்கேதான் தெரியும்.

ஓட்டிப் பார்க்கணும்

தெருக்கோடி வரை போய்த் திரும்புவது ஓட்டிப்பார்ப்பது அல்ல. குறைந்தது அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். ஏ.சி. போட்டுக்கொண்டே கத்திப்பாரா மேம்பாலம் ஏறினால் என்ஜின் மூச்சு வாங்குகிறதா என்று தெரிந்து விடும். சித்திரை வெயிலில் டிராபிக்கில் நின்றால் ஏ.சி. குளிர்கிறதா, சூட்டு முள் ஏறுகிறதா என்பதும் தெரியும். காலி ரோட்டில் ஸ்டியரிங் பிடியை லேசாக தளர்த்தினால் வண்டி நேரே போக வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் ஏதோ கோளாறு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக திருப்பும்போது முன் சக்கரத்தில் "டக் டக்" சத்தம் கேட்டால் ஆக்சில் ஜாயிண்ட் போயிருக்கிறது. கியர் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்ததும் என்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது.

ரேடியோவை அணைத்து விட்டு ஓட்ட வேண்டும். "சவுண்டு சிஸ்டம் கேட்டுப்பாருங்க சார், சூப்பரா இருக்கும்" என்று ஓனர் பாட்டை அலற விடுவது சஸ்பென்ஷன் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காகவும் இருக்கலாமே!

எலெக்ட்ரிக் கார் என்றால் பேட்டரிதான் காரின் பாதி விலை மாதிரி. அதன் ஆரோக்கிய அறிக்கையை கம்பெனி சர்வீஸ் சென்டரில் எடுத்துப்பார்க்காமல் தொடவே கூடாது. கேஸ் கிட் போட்ட காரில் அந்த கிட் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

இத்தனையும் பார்க்க மெக்கானிக் எவ்வளவு கேட்பார்? பழகிய ஆள் என்றால் பெட்ரோலும் சாப்பாடும் போக சில நூறு. வெளியாள், ஸ்கேனர் எல்லாம் என்றால் ஆயிரம், இரண்டாயிரம். வண்டி சரியில்லை என்று அவர் சொல்லி விட்டால், "ரெண்டாயிரம் வேஸ்டா போச்சே" என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நாலு லட்சம் மிஞ்சியது அவர்கள் கணக்கில் வராது!

ஒரு எச்சரிக்கை. ஓனர் சொல்லும் மெக்கானிக்கை வைத்து பார்க்கக்கூடாது. "என் மெக்கானிக் பக்கத்துலதான் இருக்கான், கூப்பிடட்டுமா?" என்பார். வேண்டாம். பார்க்கிறவர் வாங்குகிறவரின் ஆளாக இருக்க வேண்டும். காரை வெளி ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப்போக ஓனர் சம்மதிக்கா விட்டால் வாதாட வேண்டாம். அவரையும் கூட வரச்சொல்லலாம். அப்போதும் முடியாது என்றால் வணக்கம் சொல்லி விட்டு நடையை கட்டலாம்.

காகிதமும் ஒரு பார்ட்

இரும்பு நன்றாக இருந்து காகிதம் கோளாறாக இருந்தாலும் வண்டி ஓடாது.

ஆர்.சி.யில் உள்ள சேஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பார்க்க வேண்டும். சுரண்டி அடித்த தடம் இருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணை போட்டால் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எதுவரை, வங்கிக்கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். போலீஸ் அபராத பாக்கியையும் இணையத்திலேயே பார்க்கலாம். பாக்கியை கட்டி விட்டு வரச்சொல்வதுதான் முறை.

கடன் இருந்தால் "எச்.பி. கேன்சல்" ஆன பிறகே முழுப்பணம். வங்கி கொடுக்கும் தடையின்மை சான்றும் படிவம் 35-ம் வேண்டும். "நான் கட்டிடறேன் சார், நம்புங்க" என்பதை எல்லாம் நம்பி விட்டால், கடன் கட்டாத வண்டியை வங்கி ஆட்கள் வந்து வாங்கினவர் வீட்டு வாசலில் இருந்தே தூக்கிப்போய் விடலாம். ஓனர் இறந்து போயிருந்தால் வாரிசு பெயருக்கு மாறிய பிறகு வாங்குவதே நல்லது.

புதுச்சேரி, பெங்களூர் வண்டி மலிவாக கிடைக்கிறது என்று ஓடுகிறவர்கள் ஒரு கணக்கை விட்டு விடுகிறார்கள். அங்கே இருந்து தடையின்மை சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அதை கூட்டினால் மலிவு மறைந்து போகும். 15 வருஷத்தை எட்டப்போகிற வண்டி என்றாலும் யோசிக்க வேண்டும். பதிவை புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல் 1 முதல் 5 ஆயிரம் ரூபாய் ஆக்கினார்கள். பசுமை வரி தனி.

பேரம் முடிந்து பணம் கொடுக்கும்போது வங்கி வழியாக கொடுப்பதே பாதுகாப்பு. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரி சட்டப்படி குற்றம். படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் ஓனர் கண் முன்னே கையெழுத்து போட வேண்டும். டெலிவரி நோட்டில் தேதி மட்டும் போதாது, மணியும் எழுத வேண்டும். காலை 10 மணிக்கு விற்ற கார் 11 மணிக்கு சிக்னலை தாண்டினால் யார் தலையில் விழும் என்ற சண்டை வரக்கூடாது அல்லவா?

விற்றவருக்கும் ஆபத்து

விற்றவர்கள் "பணம் வந்தாச்சு, வண்டி போயாச்சு" என்று கையை தட்டி விட்டு போய் விடுகிறார்கள். அங்கேதான் கண்ணி.

வாங்கினவர் பெயர் மாற்றாமலே ஓட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாள் விபத்து நடக்கும். இன்சூரன்ஸ் இருக்காது. நஷ்டஈடு நோட்டீஸ் விற்றவர் வீட்டு கதவை தட்டும். "நான் அந்த காரை வித்து வருஷம் ஆச்சுங்க!" என்று அலறினாலும் பயன் இல்லை. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லி விட்டது.

மோட்டார் வாகன சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்கு தெரிவிக்க வேண்டும். வாங்கினவருக்கு 30 நாள். ஆனால் முதல் வாரத்திலேயே இருவரும் சேர்ந்து முடித்து விட்டால் இருவருக்கும் தூக்கம் வரும்.

இன்சூரன்சையும் 14 நாளுக்குள் புது ஓனர் பெயருக்கு மாற்ற மனு கொடுக்க வேண்டும். மாற்றாமல் இருந்து வண்டி அடிபட்டால் சேதத்துக்கு பணம் வாங்குவது பெரும்பாடு. கிளெய்ம் இல்லாததற்கு கிடைக்கும் போனஸ் தள்ளுபடி காரோடு வராது. அது விற்றவர் சொத்து. அவர் அதை தன் அடுத்த காருக்கு எடுத்துப்போவார். அந்த வித்தியாசத்தை வாங்கினவர் கட்ட வேண்டி வரும் என்பதை முதலிலேயே பட்ஜெட்டில் போட்டுக்கொள்வது நல்லது.

பெயர் மாறிய ஆர்.சி. தபாலில் வீட்டுக்கு வரும். கவரை பிரித்ததும் பெயர், முகவரி, சேஸ் எண் மூன்றையும் பார்க்க வேண்டும். எச்.பி. கட்டம் காலியாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் உடனே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு போய் திருத்தி விடுவது நல்லது. அடுத்து அந்த காரை வாங்க வருகிறவர் கூட்டி வரும் மெக்கானிக்கும் அந்த எழுத்தைத்தான் முதலில் பார்ப்பார்!